மாற்றலாம், கொடுக்கலாம்

2004-ம் வருஷம், ஐப்பசி மழையில் ஓரமெல்லாம் ஊறிப்போய் எனக்கு ஓர் இன்லாண்ட் லெட்டர் வந்தது. திருவல்லிக்கேணியில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், சத்தம் போடும் ஒரு ஃபேன் வைத்து டி.டி.பி. சென்டர் நடத்தும் ஒருவர் எழுதியிருந்தார். திருநெல்வேலிக்காரர் என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். ஈமெயில் இருக்கும்போது எதற்கு இன்லாண்ட் என்றால், 'கையெழுத்துப் போட்டுப் பதில் வந்தால் ஃபைலில் வைத்துக்கொள்வேன்' என்று அதற்கும் காரணம் சொல்லியிருந்தார். விஷயம் இதுதான்:

'தங்கள் சாஃப்ட்வேருடன் வரும் குறிப்பில், இதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், வியாபார நோக்கம் கூடாது என்று எழுதியுள்ளீர்கள். நான் பக்கத்துக்கு 8 ரூபாய் வாங்குகிறேன். இது வியாபார நோக்கமா? இரண்டாவது, என் மருமகன் அதில் ஒரு தப்பைச் சரிசெய்திருக்கிறான். சரிசெய்ததை மற்ற டி.டி.பி.காரர்களுக்குக் கொடுக்கலாமா? தயவுசெய்து தெளிவுபடுத்தவும்.'

படித்தேன். சிரித்தேன். 'இதெல்லாம் ஒரு கேள்வியா, தாராளமாகச் செய்யட்டுமே' என்று மனசுக்குள் பதில் சொல்லிவிட்டு, கடிதத்தை டிராயரில் போட்டேன். மனசுக்குள் சொல்லும் பதிலைத் தபால் இலாகா டெலிவரி செய்வதில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

அந்த சாஃப்ட்வேர் என்ன பெரிய சாஃப்ட்வேர்? பழைய ஃபான்ட்களில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன கன்வெர்ட்டர். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. அப்போது கம்பெனிக்கு ஒரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கு ஒரு கோடிங். ஒன்றில் 'அம்மா' என்று அடித்ததை இன்னொன்றில் திறந்தால், செவ்வாய்க் கிரகவாசி திட்டுகிற மாதிரி இருக்கும். 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. ஆனாலும் அச்சகங்களில் பழைய ஃபைல்கள் பழையபடியே மலையாகக் கிடந்தன. அவற்றில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும்: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடிலோ க முதலில், ஒகரக்குறி பிறகு. கொம்பைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நடுவதுதான் என் புரோகிராமின் பிரதான தொழில்.

அதில் ஓர் இடத்தில் சறுக்கியிருந்தேன். 'கௌ'வின் பின்பாதியும் 'ள'வும் பார்வைக்கு ஒன்று. டைப்ரைட்டர் காலத்திலிருந்தே இரண்டுக்கும் ஒரே சாவிதான் தட்டுவார்கள். எனவே கொம்பு, ஓர் எழுத்து, பக்கத்தில் தனி ள என்று வந்தால் அதை ஔகாரம் என்று முடிவு கட்டும்படி எழுதியிருந்தேன். கௌரவம், வௌவால் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆனால் வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள் 'வெளக்கமாறு' என்று எழுதினால் அதை 'வௌக்கமாறு' ஆக்கியது. 'வெளங்காத பய' என்றால் 'வௌங்காத பய'. கண்ணுக்கு அதிக வித்தியாசம் தெரியாது. தேடினால்தான் கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினால் வெ வரிசையை விட்டு வௌ வரிசைக்கு ஓடிப்போய் உட்கார்ந்திருக்கும். அண்ணாச்சியின் மருமகன் சரிசெய்தது இதைத்தான்.

குறிப்பு எழுதின கதையையும் சொல்லிவிடுகிறேன். 2003-ல் ஒரு ராத்திரி 1 மணிக்கு, புரோகிராம் வேலை செய்துவிட்ட சந்தோஷத்தில், இரண்டே நிமிஷத்தில் அந்த மூன்று வரியை அடித்தேன். 'வியாபார நோக்கம் கூடாது' என்று சேர்த்தது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாரும் சி.டி. போட்டு விற்றுவிடக் கூடாதே என்று. புரோகிராம் எழுத மூன்று மாசம், லைசென்ஸ் எழுத மூன்று வரி.

ஒன்றும் எழுதாமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். நிலைமை இன்னும் மோசம். காப்புரிமை என்பது விண்ணப்பம் போட்டு வாங்குகிற சமாசாரம் இல்லை, எழுதின கணத்திலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். நம் 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் ஒரு திருத்தம் செய்து, கம்ப்யூட்டர் புரோகிராமையும் 'இலக்கியப் படைப்பு' என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தார்கள். ஆக, சட்டத்தின் கண்ணில் நானும் ஒரு இலக்கியவாதி. (விருதுக் கமிட்டிகள் கவனிக்க.) நான் உயிரோடு இருக்கும் வரையிலும், செத்த பிறகு இன்னும் 60 வருஷமும், என் அனுமதி இல்லாமல் அந்தக் கொம்பு பிடுங்கும் புரோகிராமை யாரும் நகலெடுக்கக் கூடாது. நெட்டில் வைத்துவிட்டால் பொதுச் சொத்து என்பதெல்லாம் நம் கற்பனை. அனுமதி என்று ஒன்று கொடுத்தால்தான் உண்டு. அந்த அனுமதிப் பத்திரத்துக்குப் பெயர்தான் லைசென்ஸ்.

ஓப்பன் சோர்ஸ் என்று 1998 முதல் அழைக்கப்படுகிற விஷயமும், அதற்கு மூத்த அண்ணனான ஃப்ரீ சாஃப்ட்வேரும், இந்தப் பத்திரத்தின் மேல்தான் நிற்கின்றன. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து ஊர் ஊராகப் போய், 'ஃப்ரீ என்றால் ஓசி இல்லை, சுதந்திரம்' என்று விளக்கிக்கொண்டே இருக்கிறார். ஆங்கிலத்துக்கு அந்தச் சங்கடம். நமக்கு இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. தமிழ் ஆர்வலர்கள் 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகாக ஒரு சொல்லே செய்துவிட்டார்கள். இத்தனை வசதி இருந்தும், நான் என் குறிப்பில் 'இலவசமாக' என்று எழுதினேன் பாருங்கள்! விலையைச் சொன்னேன், உரிமையைக் கோட்டைவிட்டேன்.

அண்ணாச்சியின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். மாற்றலாம், கொடுக்கலாம் என்றால் மாற்றியதைக் கொடுக்கலாமா? குதர்க்கமாகத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. இதே கேள்வியில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் மாட்டிக்கொண்டது தெரிகிற வரை.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தபோது, ஷெல் அக்கவுன்ட் வாங்கினவர்களுக்குக் கறுப்புத் திரையில் மெயில் படிக்க பைன் என்று ஒரு புரோகிராம் இருந்தது ஞாபகமிருக்கலாம். மோடம் 'கீஈஈ' என்று கத்தி முடித்ததும் பைனைத் திறந்து, அமெரிக்காவிலிருக்கும் அத்தை பையனின் கடிதத்தைப் படித்த தலைமுறை நாம். அந்த பைன், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் எழுத ஆரம்பித்தது. அதன் லைசென்ஸ் ரத்தினச் சுருக்கம்: இந்த சாஃப்ட்வேரை எந்த நோக்கத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்த, நகலெடுக்க, மாற்ற, விநியோகிக்க அனுமதி உண்டு. கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை வேறு பலரும் தத்தம் புரோகிராம்களில் போட்டிருந்தார்கள். எந்தத் தகராறும் வரவில்லை. படிப்பவர்கள் எல்லோரும் 'மாற்றி, விநியோகிக்கலாம்' என்றே புரிந்துகொண்டார்கள்.

பல்கலைக்கழகம் ஒருநாள் வேறு அர்த்தம் சொன்னது. மாற்றலாம் என்றோம், சரி. விநியோகிக்கலாம் என்றோம், அதுவும் சரி. மாற்றியதை விநியோகிக்கலாம் என்று எப்போது சொன்னோம்?

யோசித்துப் பார்த்தால் இலக்கணப்படி அதுவும் நிற்கிறது. வீட்டுக்காரர் 'மாடியில் துணி காயப்போடலாம், தண்ணீர் பிடிக்கலாம்' என்று சொன்னால், காய்கிற துணியின் மேலேயே தண்ணீர் பிடிக்கச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லையே. நான்கு வினைச்சொற்களை வரிசையாக நிறுத்தினால் அவை கைகோத்து நிற்கின்றனவா, தனித்தனியாக நிற்கின்றனவா என்பது படிக்கிறவர் மனசைப் பொறுத்த விஷயம். தமிழில் 'மாற்றிக் கொடுக்கலாம்' என்று ஒரு வினையெச்சம் போட்டிருந்தால் பிரச்னை தீர்ந்திருக்கும். ஆங்கிலத்தில் வினையெச்சம் இல்லை. எனக்கு இருந்தது. நானும் போடவில்லை.

பிற்பாடு வந்த பைன் பதிப்புகளில், மாற்றியதைக் கொடுக்க அனுமதி வாங்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். விளைவு வேடிக்கையானது. டெபியன் என்ற லினக்ஸ் குழுவினர் கறார்ப் பேர்வழிகள், லைசென்ஸை நெய் வடிகட்டுகிற மாதிரி வடிகட்டுகிறவர்கள். அவர்கள் பைனைத் தயார் நிலையில் தராமல், மூல நிரலைத் தனியாகவும் திருத்தங்களைத் தனியாகவும் கொடுத்தார்கள். மாவு தனி, உளுந்து தனி, வீட்டில் போய் நீங்களே கலந்து இட்லி ஊற்றிக்கொள்ளுங்கள் என்று. பைனோடு வந்த பைக்கோ என்ற குட்டி எடிட்டருக்கும் இதே கதி. 1999-ல் கிறிஸ் அலெக்ரெட்டா என்கிற இளைஞர், 'இது பைக்கோ இல்லை' என்று பொருள்படும் பெயரில், அதே மாதிரி இன்னொரு எடிட்டரை முதலிலிருந்து எழுதிவிட்டார். மறுவருஷம் அதற்கு நானோ என்று பெயர் மாறியது. இன்றைக்கும் பெரும்பாலான லினக்ஸ்களில் கூடவே வருகிறது. சியாட்டில்காரர்களுக்கும் ஞானோதயம் வந்தது. 2007-ல் அல்பைன் என்ற பெயரில் எல்லாவற்றையும் அப்பாச்சி லைசென்ஸில் திறந்துவிட்டார்கள். அதற்குள் ஜனங்கள் பிரௌசரில் மெயில் படிக்கப் போய்விட்டார்கள்.

இன்னொரு வகைக் குழப்பம், நல்ல மனசால் வருவது. டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்று ஒரு புரோகிராமர். இன்று உங்கள் செல்போனில் சினிமா டிக்கெட்டிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை எதை புக் செய்தாலும், தகவல்கள் பெரும்பாலும் ஜேசான் என்ற வடிவத்தில்தான் இங்குமங்கும் போகின்றன. அதைப் பிரபலப்படுத்தியவர். 2002 வாக்கில் தன் புரோகிராம்களுக்கு எம்.ஐ.டி. லைசென்ஸை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார். இந்த சாஃப்ட்வேரை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல!

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. காலண்டர் தாளின் கீழே போடலாம். ஆனால் ஒரு வக்கீலிடம் கொடுத்துப் பாருங்கள். எது தீமை? வட்டிக்கு விடுவது தீமையா? கோழிப்பண்ணைக் கணக்கு எழுத ஒரு ஜைனர் இதைப் பயன்படுத்தலாமா? யார் தீர்ப்பு சொல்வது, கிராக்ஃபோர்டா, கோர்ட்டா, சித்திரகுப்தனா? டெபியனும் ஃபெடோராவும் இது கட்டற்ற லைசென்ஸே அல்ல என்று ஒதுக்கின. அப்பாச்சி அமைப்பு 2016-ல் இதைத் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. பி.எச்.பி. மொழி தன் ஏழாவது பதிப்பில் இந்தத் துண்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொண்டது. ஐ.பி.எம்.மின் வக்கீல்கள் அவரிடமே விசேஷ அனுமதி கேட்டதாகவும், 'ஐ.பி.எம்.மும் அதன் வாடிக்கையாளர்களும் கூட்டாளிகளும் அடியாட்களும் தீமைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று தாம் எழுதிக் கொடுத்ததாகவும் கிராக்ஃபோர்டே ஒரு மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்தார். கடைசியில் 2022-ல், ஜாவா மொழிக்கான அவருடைய ஜேசான் துண்டு பொதுவுடைமை ஆக்கப்பட்டு, அந்த வரி காணாமல் போயிற்று. இருபது வருஷத்தில் அந்த ஒரு வரி எத்தனை தீமையைத் தடுத்ததோ தெரியாது. எத்தனையோ நல்ல பிள்ளைகளின் வேலை நேரத்தைத் தின்றது நிச்சயம். தீயவர்கள் லைசென்ஸ் படிப்பதில்லை.

இவையெல்லாம் மெயிலிலும் மேடையிலும் முடிந்த சண்டைகள். ஒரு தகராறு கோர்ட் வரைக்கும் போயிற்று. அதுவும் எதற்கு? பொம்மை ரயிலுக்கு.

ராபர்ட் ஜேக்கப்சன் என்பவர் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர். மாடல் ரயில் விடுவது பொழுதுபோக்கு. நம் ஊர்ப் பொருட்காட்சி ரயில் மாதிரி எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சிப், அதன் வேகம், விளக்கு, ஊதல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டுவார்கள். அதற்காக அவரும் நண்பர்களும் எழுதிய புரோகிராமை, பெர்ல் மொழியைப் படைத்த லாரி வால் எழுதிய 'ஆர்ட்டிஸ்டிக்' லைசென்ஸில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். பெயருக்கேற்ற மாதிரி அது கொஞ்சம் கலாபூர்வமாகவே எழுதப்பட்டது. ஸ்டால்மனின் அமைப்பு அதைத் தெளிவற்றது என்று முன்பே குறை சொல்லியிருந்தது.

ஓரிகனில் மாடல் ரயில் சாஃப்ட்வேர் விற்கும் ஒரு சின்ன கம்பெனி, 'எங்கள் பேட்டன்டை மீறுகிறீர்கள்' என்று சொல்லிப் பேராசிரியருக்கு 2 லட்சத்து 3 ஆயிரம் டாலருக்கு பில் அனுப்பியது. இலவசமாகக் கொடுத்தவருக்கு பில்! அவர் 2006-ல் வழக்குப் போட்டார். போகப் போக, அந்த கம்பெனியே இவர்களுடைய ஃபைல்களை எடுத்து, எழுதினவர்கள் பெயரையும் காப்புரிமைக் குறிப்பையும் கழற்றிவிட்டுத் தன் சரக்கில் சேர்த்திருந்தது தெரியவந்தது. எடுப்பதற்குத் தடையில்லை. பெயரை விட்டுவைக்க வேண்டும், என்ன மாற்றினாய் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் லைசென்ஸ் கேட்டது. அந்த அவ்வளவைக்கூடச் செய்யவில்லை.

கேஸ் ஜெயித்த மாதிரிதானே? அங்கேதான் இடறியது. 2007-ல் கலிஃபோர்னியாவில் முதல் கோர்ட் என்ன சொன்னதென்றால், இந்த லைசென்ஸ் ரொம்பத் தாராளமாக எழுதப்பட்டிருக்கிறது, அனுமதி எல்லோருக்கும் கிடைத்துவிட்டது, பெயர் போடாதது வேண்டுமானால் ஒப்பந்தத்தை மீறியதாகலாம், காப்புரிமைக் குற்றமில்லை என்று. கேட்கச் சின்ன வித்தியாசம்தான். வாடகை வீட்டு உதாரணம் சொன்னால் சென்னைவாசிகளுக்குச் சட்டென்று பிடிபடும். 'சுவரில் ஆணி அடிக்காதீர்கள்' என்று சொல்லி வீடு கொடுத்தால், ஆணி அடித்ததற்கு நஷ்டஈடு கேட்கலாம், ஆனாலும் நீங்கள் குடித்தனக்காரர்தான். 'சைவம் என்றால் மட்டும் வீடு' என்றால், கருவாட்டு வாசனை வந்த அன்றைக்கே நீங்கள் அத்துமீறி நுழைந்தவர். முதலாவது வாக்குறுதி, இரண்டாவது நிபந்தனை. வாக்குறுதி என்று வைத்துக்கொண்டால் நஷ்டத்துக்குத்தான் ஈடு. இலவசமாகக் கொடுத்த பொருளில் என்ன நஷ்டத்தைக் காட்டுவது? பூஜ்யத்துக்கு ஈடு பூஜ்யம். உலகம் முழுக்க சும்மா கொடுத்தவர்கள் அத்தனை பேர் வயிற்றிலும் இந்தத் தீர்ப்பு புளியைக் கரைத்தது.

பேராசிரியர் விடவில்லை. மேல்முறையீடு. 2008 ஆகஸ்ட் 13-ல் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் கீழ்க்கோர்ட் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. எதை வைத்து? லைசென்ஸில் இருந்த இரண்டே இரண்டு ஆங்கில வார்த்தை, 'ப்ரொவைடட் தட்'. தமிழில் 'என்ற நிபந்தனையின் பேரில்' என்று கொள்ளலாம். நகலெடுக்கலாம், மாற்றலாம், இன்னின்னது செய்தால் என்ற நிபந்தனையின் பேரில். அந்த மாநிலச் சட்டப்படி இப்படி எழுதினால் அது நிபந்தனைதான், மீறினால் அனுமதியே இல்லை, அனுமதி இல்லாவிட்டால் காப்புரிமை மீறல்தான் என்றார்கள். காசு வாங்காமல் கொடுத்தாலும் கொடுத்தவருக்குப் பெயர், புகழ், பொருள் வளர்வது என்று வேறு லாபங்கள் உண்டு, அவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றும் சொன்னார்கள். 2010-ல் சமரசம். பேராசிரியருக்கு 1 லட்சம் டாலர் தர அந்தத் தரப்பு ஒப்புக்கொண்டது.

லாரி வால் அந்த இடத்தில் 'தயவுசெய்து பெயர் போடவும்' என்று, நம்மைப் போல மரியாதையாக எழுதியிருந்தால்? நினைத்தாலே கொஞ்சம் நடுங்குகிறது.

அண்ணாச்சியின் முதல் கேள்விக்கு வருகிறேன், எட்டு ரூபாய். 'வியாபார நோக்கம் கூடாது' என்ற கட்டுப்பாடு வைத்த அந்த நிமிஷமே அது முறைப்படி ஓப்பன் சோர்ஸ் கிடையாது. எந்தத் துறைக்கும் தடை சொல்லக் கூடாது என்பது அதன் இலக்கணம். அதை விடுங்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம்தான் என்ன? கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002-லிருந்து இப்படி ஒரு லைசென்ஸை வைத்திருக்கிறது. மக்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று 2009-ல் ஒரு பெரிய ஆய்வே வெளியிட்டது. ஜெர்மனியில் கொலோன் நகரில் ஒருவர் எடுத்த போட்டோவை ஒரு பொதுத்துறை வானொலி தன் இணையதளத்தில் போட, 2014 மார்ச்சில் ஒரு கோர்ட், சொந்த உபயோகம் தவிர மற்றதெல்லாம் வியாபாரம்தான் என்றது. அக்டோபரில் மேல்கோர்ட், விளம்பரமும் கட்டணமும் இல்லாத வானொலி செய்தது வியாபாரமில்லை என்று மாற்றியது. (படத்தை வெட்டி எடுத்தவர் பெயரை மறைத்ததற்காக வானொலி வேறு வகையில் தோற்றது.) கறுப்பு அங்கி போட்டவர்களுக்கே ஏழு மாசத்தில் இரண்டு பதில். திருவல்லிக்கேணியில் லேசர் பிரிண்டர் மட்டும் வைத்திருக்கிறவர் என்ன செய்வார்?

என்ன செய்தார் என்பது எனக்கு 2005 பங்குனியில்தான் தெரிந்தது.

பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் பழைய புத்தகக் கடைகளை மேய்ந்துவிட்டு வரும்போது, சந்துக்குள் அந்த போர்டைப் பார்த்தேன். டிராயர் ஞாபகம் வந்தது. ஐந்து மாசம். சரி, நேரிலேயே சொல்லிவிடுவோம் என்று உள்ளே போனேன். அண்ணாச்சி எழுந்து நின்று வரவேற்றார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை இல்லை. கலர் வரவழைத்தார். அந்த வேலை என்னாச்சு என்று நான்தான் கேட்டேன்.

"அது முடிஞ்சிட்டு சார். அடிச்சிட்டோம்."

"கன்வெர்ட் பண்ணிட்டீங்களா?"

"இல்ல சார். மறுபடி அடிச்சிட்டோம். 412 பக்கம்."

ஓரத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள்.

அது ஒரு ரிட்டையர்டு தமிழ் வாத்தியார் 30 வருஷமாகச் சேர்த்த திருநெல்வேலி வட்டார வழக்குச் சொற்கள், அவற்றோடு கதைகள். அமெரிக்காவில் இருந்த மகன், அப்பாவின் 80-வது பிறந்தநாளுக்குள் அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிட ஆசைப்பட்டு, டிசம்பரில் லீவு போட்டு வந்திருக்கிறார். பழைய ஃபைல் முழுக்க அண்ணாச்சியிடம் இருந்தது. என் புரோகிராமும் இருந்தது, மருமகன் சரிசெய்து 'வெளக்கமாறு' எல்லாம் சரியாக வரும்படி. பட்டனைத் தட்டினால் பத்து நிமிஷம். தட்டவில்லை. பிறந்தநாள் அன்றைக்கு 160 பக்கம்தான் முடிந்திருந்தது. மகன் லீவு முடிந்து போய்விட்டார். பாக்கியைப் பிப்ரவரிக்குள் அடித்தார்கள், பேசின அதே எட்டு ரூபாய்க்கு.

"ஏன் அண்ணாச்சி, தட்ட வேண்டியதுதானே? யார் கேட்கப் போறா?"

"நீங்க கேக்க மாட்டிய சார். ஆனா எழுதியிருக்குல்லா. பதிலும் வரலை. பதில் வரலைன்னா வேண்டாம்னுதானே அர்த்தம்?"

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு மட்டும். கலர் பாட்டிலில் ஸ்ட்ராவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'சூப்பர் தமிழ் டூல்ஸ்' என்கிற மாதிரி ஒரு சி.டி. 150 ரூபாய்க்குப் பார்த்திருந்தேன். என் கன்வெர்ட்டர் அதில் இருந்தது. குறிப்பு ஃபைல் மட்டும் இல்லை. யாரைத் தடுக்க எழுதினேனோ அவர் படிக்கவேயில்லை. யாரைப் பற்றி நினைக்கவேயில்லையோ அவர் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்திருக்கிறார்.

"மருமகன் சரிபண்ணினதைக் குடுங்க அண்ணாச்சி, அடுத்த பதிப்புல சேர்த்து அவர் பேரும் போட்டுடறேன்."

மேஜை டிராயரைத் திறந்தார். அவரும் டிராயரில்தான் வைத்திருந்தார். யாருக்கும் கொடுக்காமல், ஒரு ஃப்ளாப்பியில், 'அனுமதி வந்த பின்' என்று லேபிள் ஒட்டி. வீட்டுக்கு வந்து போட்டால் கறக் கறக்கென்று சத்தம்தான் வந்தது, ஃபைல் வரவில்லை. கடை கம்ப்யூட்டரைப் பொங்கலுக்கு முன்னால் ஃபார்மட் செய்திருந்தார்கள். மருமகன் வேலை கிடைத்து மஸ்கட் போயிருந்தான். போனில் கேட்டால், 'என்னமோ செஞ்சேன் சார், மறந்துட்டு' என்றான். நான் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். நான்கு ராத்திரி ஆயிற்று. அவன் அளவுக்கு நன்றாக வரவில்லை என்று நினைக்கிறேன். 'வெளங்கும்' சரியாக வந்தால் 'கௌதமன்' கெட்டுப்போனான்.

குறிப்பை அழித்துவிட்டு, உலகம் முழுக்க வக்கீல்கள் பார்த்துத் தேய்ந்துபோன எம்.ஐ.டி. லைசென்ஸை அப்படியே போட்டேன், ஒரு கமா கூட மாற்றாமல். பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், ஒன்றுசேர்க்கலாம், வெளியிடலாம், விநியோகிக்கலாம், விற்கவும் செய்யலாம். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு அண்ணாச்சிக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, மூன்று பாராவையும் படித்தார். கடைசிப் பாரா முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும்: இந்த சாஃப்ட்வேர் 'ஆஸ் ஈஸ்', உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது என்று. அங்கே விரலை வைத்து நிறுத்தினார்.

"இதுல ஒண்ணு கேக்கணும் சார். உள்ளது உள்ளபடின்னு போட்டிருக்கியளே…"

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அப்ப வெளக்கமாறு பழையபடிதான் வருமா?"